சப்பாத்தோடு தொடக்கூடாத வலை

அந்தக் கேள்வியை என்னிடம் கேட்காத ஆள் வடமராட்சியில் இனி மிச்சமில்லை என்று நினைத்திருந்தேன். போன மாதம் உதைபந்தாட்ட மத்தியஸ்தர் சங்கத்திலிருந்து மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். மூன்று பேரும் புதிதாக விசில் எடுத்தவர்கள்.

"ஐயா, இருபத்திரண்டு வருசம் ஊதினனீங்கள். புதுசாச் சேருற ஆக்களுக்கு வாசிக்கக் குடுக்க உங்கடை அனுபவத்தை எழுதித் தாருங்கோ" என்றார் ஒருவர்.

நல்ல விஷயம். மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தாள். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எங்கே தொடங்கலாம் என்று யோசித்தேன். அதற்குள் இன்னொருவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"குறை நினையாதையுங்கோ ஐயா. அண்டைக்கு அந்தப் பைனலிலை சிவஞானம் அடிச்ச பந்து உள்ளுக்கைதானே போனது?"

மனைவி சிரித்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள். எனக்கு வந்த எரிச்சலை இங்கே எழுத முடியாது.

பதினாறு வருடமாக இதுதான். என் பகல் வேலை பஸ்ஸில் ரிக்கற் பரிசோதிப்பது. விசில் சனி, ஞாயிறில் மட்டும். பருத்தித்துறையில் ஏறி யாழ்ப்பாணத்தில் இறங்குவதற்குள் நாலு பேராவது "றெப்ரி அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ" என்று தொடங்குவார்கள். நெல்லியடியில் ஏறும் ஒரு வாத்தியார் தன் குடையை நட்டு ஒரு கம்பமாக்குவார். மீன்காரி தன் ஓலைக் கடகத்தை மற்றக் கம்பமாக வைப்பாள். யாருடைய பையிலிருந்தோ ஒரு தேசிக்காய் வந்து பந்தாகும். நான் அங்கே நிற்கிறேன் என்பதே அவர்களுக்கு மறந்துபோகும். ரிக்கற் எடுக்காதவன் அந்தச் சந்தடியில் இறங்கிப் போய்விடுவான்.

சலூன்காரன் என் கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறான். பல் பிடுங்கப் போன இடத்தில், நான் வாயைத் திறந்துகொண்டு கிடக்கும்போது கேட்டார்கள். இதெல்லாம் போகட்டும். என் தகப்பனார் செத்த வீட்டில், பாடை கட்டிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் கயிற்றை இறுக்கியபடியே, "உது வெளியாலை போன பந்துதானே தம்பி, நீர் ஊதினது சரிதானே" என்று ஆறுதல் சொல்லுவதுபோலக் கேட்டார். அதற்குப் பக்கத்தில் நின்றவர் "விசர்க்கதை கதையாதை, உள்ளுக்கை போன பந்து" என்றார். என் தகப்பனைக் கீழே வைத்துவிட்டு இரண்டு பேரும் வாதாடினார்கள்.

ஒரு பந்து உள்ளே போனதா, வெளியே போனதா என்பதுதான் இவர்களுக்குக் கதை. எனக்கு அது வெறும் பந்து அல்ல. அந்த ஒரு ஊதலோடு கரவெட்டிச் சிவஞானத்துக்குக் கைக்கு வரவிருந்த கொழும்பு உத்தியோகம் போனது. அவனுடைய ஆட்டமும் போனது. அதைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. ஆகவே எழுதுகிறேன். ஆனால் நான் எழுதும் ஒழுங்கில்தான் நீங்கள் வாசிக்க வேண்டும். கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டாம்.

ஐம்பதுகளின் கடைசியில் விசில் எடுத்தேன். நான் நல்ல ஆட்டக்காரன் அல்ல. முழங்கால் ஒன்று பிசகிய பிறகு ஆட இயலாது. மைதானத்தை விட்டுப் போகவும் மனமில்லை. சதாசிவம் மாஸ்ரரிடம் போய்ச் சேர்ந்தேன். அவர் கணித ஆசிரியர். எங்கள் பக்கத்து மத்தியஸ்தர்களுக்கெல்லாம் தலைவர். ஒரு வருடம் கோட்டோரம் கொடி பிடித்தேன், இன்னொரு வருடம் சின்னப் பிள்ளைகளின் ஆட்டங்களுக்கு ஊதினேன், பரீட்சை எழுதினேன். படிப்பு அவ்வளவுதான்.

மாஸ்ரரைப் பற்றி அவ்வளவில் விட முடியாது. அவர் ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. சத்தம் போட்டால் நல்லது என்று நாங்கள் ஏங்கியிருக்கிறோம். ஆட்டம் முடிந்த அன்று ஒரு சொல் சொல்லமாட்டார். அடுத்த நாள் காலமை எட்டு மணிக்கு அறிக்கையோடு அவர் வீட்டுக்குப் போக வேண்டும். சிவப்புப் பென்சிலால் முதலில் எழுத்துப் பிழைகளைத் திருத்துவார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, முகம் துடைக்கிற லேஞ்சியில் சுற்றி வைத்துவிட்டு, "சரி, சொல்லும்" என்பார். நாங்கள் என்ன பிழை விட்டோம் என்பதை நாங்களேதான் சொல்ல வேண்டும். விடாத பிழைகளையும் பயத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

ஆட்டத்துக்கு முந்திய ஒரு மணித்தியாலம் அவருக்கு ஆட்டத்தைவிடப் பெரிது. மைதானத்தை ஒருமுறை சுற்றி நடக்க வேண்டும். கல், முள், ஆடு கட்ட அடித்த கட்டை எல்லாம் அகற்றுவிக்க வேண்டும். பந்தை இரண்டு பெருவிரலாலும் அமத்தி, தோள் உயரத்திலிருந்து விட்டுப் பார்க்க வேண்டும். கம்பங்களை ஆட்டிப் பார்க்க வேண்டும். வலை கட்டியிருந்தால் அதற்கு ஒரு முறை உண்டு. வெளியே ஒருமுறை சுற்றிவந்து, பிறகு உள்ளே குனிந்து போய், ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை சாண் சாணாகக் கையால் விரித்துத் தள்ளிப் பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் படிவத்தில் "வலை: பரிசோதிக்கப்பட்டது" என்ற இடத்தில் கையெழுத்து.

"வலையைக் கண்ணாலை பாக்காதையும். கையாலை பாரும்" என்பார். ஒவ்வொரு தரமும் சொல்லுவார். நாங்கள் முதுகுக்குப் பின்னால் அதை அவரைப்போலவே சொல்லிச் சிரிப்போம்.

இன்னொன்றும் அவரிடம் படித்தேன். அதைப் படிக்காமல் விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மூன்றாம் வருடம் வட்டுக்கோட்டையில் ஓர் ஆட்டம். ஒரு பெனால்ரி கொடுத்தேன். சனம் கூவியது. கொடி பிடித்தவரைக் கேட்டேன், அவருக்கும் சந்தேகம். கொடுத்ததைத் திருப்பி எடுத்தேன். அவ்வளவுதான், மற்றப் பக்கத்துச் சனம் உள்ளே வந்துவிட்டது. ஆட்டம் முக்கால் மணித்தியாலம் நின்றது. அடுத்த நாள் காலமை மாஸ்ரர் என் அறிக்கையில் ஒரு எழுத்துப் பிழைகூடத் திருத்தவில்லை.

"ஊத முன்னம் நூறுதரம் யோசியும். ஊதின பிறகு ஒருதரமும் யோசியாதையும். திருப்பிற கை விசில் பிடிக்கக் கூடாது" என்றார்.

அதற்குப் பிறகு நான் ஒரு முடிவையும் திருப்பவில்லை. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இனி அந்தப் பைனல். பருத்தித்துறைக் கரை அணிக்கும் கரவெட்டி அணிக்கும். கரைப் பக்கம் கடற்றொழில் செய்பவர்கள், கரவெட்டிப் பக்கம் தோட்டம் செய்பவர்கள். இரண்டு பக்கமும் வேலையை விட்டுவிட்டு மத்தியானமே வந்து கோட்டோரம் இருந்துவிட்டார்கள். கொழும்பிலிருந்து ஓர் அரசாங்கத் திணைக்களத்தின் அதிகாரி ஒருவர் வந்திருந்தார். தங்கள் அணிக்கு ஓர் ஆட்டக்காரன் வேண்டும், எடுத்தால் உத்தியோகம் என்று பேச்சு. யாரைப் பார்க்க வந்தார் என்பதும் ஊருக்கே தெரியும். சிவஞானத்தை. இருபத்திரண்டு வயது, வெறுங்காலோடு ஓடுவான், வலது கால் அடி கல்லெறிபோல இருக்கும். தகப்பன் இல்லை. குத்தகைத் தோட்டத்தில் புகையிலை நட்டுக்கொண்டிருந்தான். கல்யாணத்துக்குக் காத்திருந்த இரண்டு தங்கச்சிமார்.

நானோ கரைக்காரன். என் தகப்பனார் தோணியோட்டிய தண்டயல். கரையில் பிறந்தவன் கரை அணியின் ஆட்டத்துக்கு ஊதலாமா என்று கரவெட்டியார் முதலே முறையிட்டிருந்தார்கள். மாஸ்ரர், "அவன் ஊதுவான்" என்று இரண்டு சொல்லில் முடித்துவிட்டார்.

அந்தக் காலத்தில் சாதாரண ஆட்டங்களுக்குக் கோல் கம்பத்தில் வலை கிடையாது. பைனலுக்கு மட்டும் கரைவலையில் ஒரு துண்டைக் கொண்டுவந்து கட்டுவார்கள். அன்று வலை தந்தவர் நாகமுத்தர் சம்மாட்டி. சொந்தமாகக் கரைவலை வைத்து இருபது முப்பது பேருக்குத் தொழில் கொடுத்தவர். வலையை அவிழ்க்கும்போதும் சுருட்டும்போதும் பக்கத்திலேயே நிற்பார்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம். வலையைக் கடந்து போகக் கூடாது, மிதிக்கக் கூடாது, சப்பாத்தோ செருப்போ போட்ட காலோடு அதற்குக் கிட்டப் போகவும் கூடாது. சோறு போடுகிற சாமான் அது. நான் நடக்கப் பழகிய நாளிலிருந்தே அது தெரியும். கட்டிய வலையைப் பரிசோதிக்கக் கம்பத்தடிக்குப் போனபோது நாகமுத்தர் இரண்டு கையையும் கூப்பாத குறையாக முன்னால் வந்தார்.

"தம்பி, சப்பாத்தோடை கிட்டப் போகாதையும். நாளைக்குக் காலமை கடலுக்குப் போற வலை."

"ஓம் அம்மான், தெரியும்" என்றேன்.

சப்பாத்தைக் கழற்றியிருக்க வேண்டும். அதுதானே ஒரே வழி? ஆனால் அன்று எல்லாம் பிந்திவிட்டது. பிரதம விருந்தினர் இருபது நிமிடம் பிந்தி வந்து, மாலை போட்டு, பேசி, இரண்டு அணிக்கும் கை கொடுத்து, படமும் எடுத்து முடியும்போது வெயில் பனைமரங்கள் பக்கம் சாயத் தொடங்கிவிட்டது. என் சப்பாத்துக் கயிற்றை அடியால் மூன்று சுற்றுச் சுற்றி ஈரத்தோடு முடிந்திருந்தேன். அவிழ்த்துக் கட்டப் பத்து நிமிடமாவது போகும். இருட்டினால் ஆட்டம் முடியாது, முடியாவிட்டால் சண்டை. இரண்டு முழத் தூரத்தில் நின்று வலையைப் பார்த்தேன். தொங்கலாகக் கட்டியிருந்ததால் பக்கங்களில் மடிப்பு மடிப்பாகக் கிடந்தது. நல்ல வலையாகத்தான் தெரிந்தது. படிவத்தை எடுத்து, "வலை: பரிசோதிக்கப்பட்டது" என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

இதுதான் அந்த ஆட்டத்தில் நான் விட்ட பிழை. ஆட்டம் தொடங்க முதலே விட்டுவிட்டேன். பதினாறு வருடமாகக் குடையும் கடகமும் வைத்து வாதாடுகிறவர்கள் எல்லோரும் மிச்சத்தைத்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆட்டம் கோலில்லாமல் போனது. முடிய ஏழெட்டு நிமிடம் இருக்கும்போது சிவஞானம் வலது பக்கத்தால் இரண்டு பேரைக் கடந்து வந்து ஓர் அடி அடித்தான். எனக்கும் கம்பத்துக்கும் இடையில் மூன்று பேர். பந்து தூரத்துக் கம்பத்தடியால் போனதைக் கண்டேன். பக்க வலை அசைந்ததைக் கண்டேன். பந்து கம்பத்துக்கு வெளியே சனத்துக்குள் கிடந்ததையும் கண்டேன். பந்து வெளியே பட்டாலும் பக்க வலை அசையும். கொடி பிடித்தவரைப் பார்த்தேன். அவர் மைதானத்தின் மற்றப் பக்கத்தில், கையை விரித்தார். வெளியே கிடக்கும் பந்து வெளியாலேதான் போயிருக்க வேண்டும். கோல் கிக் என்று கையைக் காட்டி ஊதினேன்.

கரவெட்டிச் சனம் எழும்பிவிட்டது. கரைச் சனமும் எழும்பிவிட்டது. சிவஞானம் ஓடிவந்தான். அவன் கத்தவில்லை, அதுதான் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

"அண்ணை, பந்து உள்ளுக்கை போய்ப் பக்கத்தாலை வந்தது. வலையிலை பொத்தல் கிடக்கு. ஒருக்கால் வந்து பாருங்கோ."

"ஊதியாச்சு. போம்."

"பாத்துப்போட்டுச் சொல்லுங்கோ. நான் பிறகு ஒண்டும் கதைக்கமாட்டன்."

பதினைந்து யார் தூரம். நடந்து போய்ப் பார்த்திருக்கலாம். ஆனால் போய்ப் பார்த்தால், முதல் பார்க்கவில்லை என்றாகிவிடும். சட்டைப் பையில் கையெழுத்துப் போட்ட படிவம் கிடக்கிறது. திருப்பிற கை விசில் பிடிக்கக் கூடாது என்ற மாஸ்ரர் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் முதுகைத் திருப்பினேன். அவன் என் மணிக்கட்டைப் பிடித்து, வலைப் பக்கம் இரண்டு அடி இழுத்தான். முரட்டுத்தனமாக அல்ல, கண் தெரியாதவரை றோட்டுக் கடத்துகிற மாதிரி. மத்தியஸ்தரைத் தொட்டால் வெளியே. கையைக் காட்டினேன். அவன் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனான்.

பத்துப் பேரோடு நின்ற கரவெட்டிக்கு எதிராகக் கரை அணி கடைசி நிமிடத்தில் ஒரு கோல் போட்டது. கொழும்பு அதிகாரி பரிசு கொடுக்க முதலே காரில் ஏறிவிட்டார். மத்தியஸ்தரைக் கையைப் பிடித்து இழுக்கிறவனை அரசாங்கத் திணைக்களத்துக்குக் கூட்டிக்கொண்டு போகத் தனக்கு விசரில்லை என்று யாரிடமோ சொன்னாராம்.

சனம் கலைந்த பிறகு, வெளிச்சம் கொஞ்சம் இருக்கும்போதே, சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கம்பத்தடிக்குப் போனேன். நாகமுத்தர் தன் ஆட்களோடு வலையை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவர் கையில் பக்கத்துண்டு விரிந்து கிடந்தது. நடுவில் பொத்தல்.

"கடலுக்கை கற்பாரிலை கொழுவிக் கிழிஞ்சது. காலமை பொத்தச் சொன்னனான். உவங்கள் மட்ச் எண்ட சந்தோசப் புளுகத்திலை விட்டிட்டாங்கள்" என்றார்.

நான் குந்தியிருந்து அந்தப் பொத்தலுக்குள் கையை விட்டேன். பிறகு, ஏன் என்று தெரியாது, தலையை விட்டேன். தலை போனது. தோள் தட்டுப்பட்டது. நாகமுத்தர் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீர் முதல் பாத்தனீர்தானே தம்பி?"

"சப்பாத்தோடை வரவேண்டாம் எண்டு சொன்னனீங்கள் அம்மான்."

"சப்பாத்தோடை வராதையும் எண்டுதான் சொன்னனான். பாக்க வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை."

அந்த மனிதர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. தன் பக்கத்தைச் சரிபார்ப்பதுபோலச் சொன்னார். எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போலிருந்தது.

அன்று வீட்டில் இரண்டு அறிக்கை எழுதினேன். ஒன்றில் நடந்தது முழுவதும்: வலையைக் கையால் பார்க்கவில்லை, பொத்தல் இருந்தது, என் தலை போகும் அளவு, பந்து உள்ளே போயிருக்க வேண்டும், ஆட்டக்காரன் என்னை இழுத்தது அதைக் காட்டுவதற்கு. மற்றதில் வழக்கமான நாலு வரி: வலை பரிசோதிக்கப்பட்டது, ஆட்டக்காரன் முடிவை எதிர்த்து மத்தியஸ்தர் மீது கைவைத்தான், வெளியேற்றப்பட்டான்.

காலமை எட்டு மணிக்கு இரண்டையும் மாஸ்ரரின் மேசையில் வைத்தேன். முதலாவதை இரண்டு தரம் வாசித்தார்.

"தலை போனதோ?"

"ஓம் சேர்."

"முழுசாயோ?"

"தோள்வரைக்கும்."

கண்ணாடியைக் கழற்றி லேஞ்சியில் சுற்றினார். "சரி, சொல்லும்" என்பார் என்று நின்றேன். சொல்லவில்லை.

"எதைக் குடுக்கிறது சேர்?"

"இதைக் குடுத்தால் உம்முடைய விசில் போகும். அதைக் குடுத்தால் அந்தப் பெடியன் ரெண்டு வருசம் ஆடேலாது. கணக்கெண்டால் நான் செய்து தருவன். இது கணக்கில்லை" என்று சொல்லிவிட்டு எழும்பி, வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் விடப் போய்விட்டார்.

எனக்கு அந்த மனிதர் மீது இன்றைக்கும் ஆத்திரம் உண்டு. கல் பொறுக்குவதற்கு விதி, பந்து அமத்துவதற்கு விதி, லேஞ்சி மடிக்கவும் விதி வைத்திருந்தவர், ஒரேயொரு தரம் விதி தேவைப்பட்டபோது வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். ஆனால் ஆத்திரத்தை அவர்மேல் போட்டு நான் தப்ப முடியாது. மேசையில் இரண்டு தாள், பக்கத்தில் நான் மட்டும். அவர் திரும்பி வந்தபோது இரண்டாவது தாளைத்தான் நீட்டினேன்.

சிவப்புப் பென்சிலை எடுத்து ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தினார். முதலாவது தாளை நாலாக மடித்து என் கையில் தந்தார். "இதை நீர் வைச்சிரும்" என்றார்.

விசாரணைக்கு என்னைக் கூப்பிடவே இல்லை. அறிக்கை தெளிவாக இருந்ததாம். சிவஞானத்துக்கு இரண்டு வருடத் தடை. தடை முடிந்த பிறகும் அவன் திரும்பி வரவில்லை. எனக்கு அடுத்த வருடம் முதல்தர மத்தியஸ்தர் என்று சட்டையில் குத்தப் பட்டி ஒன்று தந்தார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். மடித்த தாள் என் விதிப் புத்தகத்துக்குள் கிடந்தது.

ஆறேழு வருடம் கழித்து ஒருநாள் நெல்லியடியில் பஸ் ஏறினேன். வாத்தியாரின் குடையும் நட்டாயிற்று, தேசிக்காயும் வந்தாயிற்று. வாத்தியார் பந்து உள்ளே என்கிறார், பின்னாலிருந்த ஒருவர் வெளியே என்கிறார். நான் ரிக்கற் பார்த்துக்கொண்டே போனேன். கடைசி ஆசனத்துக்கு முன் ஆசனத்தில், புகையிலைச் சிப்பத்தை மடியில் வைத்துக்கொண்டு சிவஞானம் இருந்தான். ரிக்கற்றை நீட்டினான். வாத்தியாரும் கண்டுவிட்டார்.

"இந்தா, அடிச்ச ஆளே இருக்கிறார். நீர் சொல்லும், உள்ளுக்கையோ வெளியாலையோ?"

பஸ் முழுக்கத் திரும்பியது.

"பந்தை விடுங்கோ வாத்தியார்" என்றான் சிவஞானம். "மத்தியஸ்தரின்ரை கையைப் பிடிச்சு இழுத்தது பிழை. அது என்ரை பங்கு."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். வாத்தியார் "பெரிய மனம்" என்றார். எல்லோரும் அவனைப் புகழ்ந்தார்கள். நான் அவனுடைய ரிக்கற்றில் ஓட்டை போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த தரிப்பில் இறங்கிவிட்டேன். அங்கே எனக்கு இறங்க வேலையில்லை.

சங்கத்துக்காரர் கேட்டபடி எழுதத் தொடங்கி, இந்த இடத்துக்கு வந்ததும் பேனா ஓடவில்லை. அவனுக்குச் சொல்லாத ஒன்றை அச்சில் போடுவதா? மனைவியிடம் கேட்டேன். "கரவெட்டிக்குப் பஸ் ஓடுதுதானே" என்றாள். போன ஞாயிறு, விதிப் புத்தகத்திலிருந்து அந்தத் தாளை எடுத்துக்கொண்டு கரவெட்டிக்குப் போனேன்.

சிவஞானம் தோட்டத்தில் நின்றான். இப்போது முப்பத்தெட்டு வயது, காதோரம் நரை. தங்கச்சிமாரில் ஒருத்திக்குத்தான் கல்யாணம் ஆனது என்று வழியில் கேள்விப்பட்டேன். தாளைக் கொடுத்தேன். ஈரக் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு வாங்கி, கடைசி வரிவரை வாசித்தான்.

"இது எனக்குத் தெரியும் அண்ணை."

"எது?"

"உங்கடை தலை போனது. நாகமுத்தர் அடுத்த நாளே சைக்கிளிலை வந்து சொன்னவர். வலை தன்ரை எண்டு மன்னிப்புக் கேட்டவர்."

"அப்ப ஏன் காணும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை? விசாரணையிலை சொல்லியிருக்கலாமே" என்று கேட்டேன். கோபமாகவே கேட்டேன். பதினாறு வருடம் வீணாகப் பயந்த கோபம்.

"நீங்கள் சொல்லுவியள் எண்டு இருந்தனான். நான் சொன்னால் கோல் கேக்கிறன் எண்டுதான் சொல்லியிருப்பினம். விசாரணைக்கு வருவியள் எண்டு பாத்தன், வரேல்லை. பிறகு பஸ்சிலை கண்டன். அதுதான் என்ரை பங்கை முதல் சொன்னனான், உங்களுக்குச் சொல்ல லேசாய் இருக்கும் எண்டு."

தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்துத் திருப்பித் தந்தான். "சங்கத்துக்கு எழுதப் போறன்" என்றேன். "எழுதுங்கோ" என்று சொல்லிவிட்டு வாய்க்காலைத் திருப்பப் போனான். தண்ணீர் பாத்தி நிரம்பி வெளியே போய்க்கொண்டிருந்தது.

ஆகவே, புதிதாக விசில் எடுத்தவர்களே, இனி என் வீட்டுக்கும் பஸ்ஸுக்கும் சலூனுக்கும் வந்து ஒருவரும் கேட்க வேண்டாம். அந்தப் பழைய தாளை இத்துடன் இணைத்திருக்கிறேன். அன்று கொடுத்த படிவத்தையும் அறிக்கையையும் மாற்றி எழுதித் தருகிறேன்.

வலை: பரிசோதிக்கப்படவில்லை.
மத்தியஸ்தர் மீது கைவைத்தது: வலையைக் காட்டுவதற்கு.
பந்து: உள்ளே போனது. கோல்.